ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவின் தாய் ஒரு குறுங்கோளா? பனி இல்லாத கல்லிலிருந்து இவ்வளவு தூசு எப்படி வந்தது?

புதுவானம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எரிகல் பொழிவு என்றால் ஒரு வால்மீன் விட்டுச்சென்ற தூசுக்குள் பூமி நுழைவது என்றுதான் இதுவரை புரிந்துவைத்திருக்கிறேன். ஆகஸ்டில் வரும் பெர்சீட்ஸுக்கு ஸ்விஃப்ட்-டட்டில், நவம்பர் லியோனிட்ஸுக்கு டெம்பல்-டட்டில், மே மாதம் ஒன்று அக்டோபரில் ஒன்று என இரண்டு பொழிவுகளுக்கு ஹாலி. சூரியன் பக்கம் வரும்போது வால்மீனின் பனி ஆவியாகிறது, அந்த ஆவி தூசியையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. சரி, இதில் குழப்பம் இல்லை.

ஜெமினிட்ஸுக்கு மட்டும் ஃபேத்தான் என்ற குறுங்கோளைச் சொல்கிறார்கள். குறுங்கோள் என்றால் கல்தானே, கல்லில் பனி ஏது? பனி இல்லாமல் எது தூசியை வெளியே தள்ளும்? அதுவும் ஆண்டின் மிகப் பெரிய பொழிவுகளில் ஒன்றை உண்டாக்கும் அளவுக்கு? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

கரிக்கல் எழுதியது:

அது செத்துப்போன வால்மீன். ஒரு காலத்தில் பனி இருந்தது, தூசியை விட்டது, பனி தீர்ந்தது, இப்போது வெறும் கல். இதற்கு மேல் இதில் புதிர் எதுவும் இல்லை.

நீள்வட்டம் எழுதியது:

கரிக்கல் சொல்வது பலர் நம்பிய விளக்கம்தான், ஆனால் அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியின் கனம் அதில்தான் இருக்கிறது.

ஜெமினிட்ஸ் பொழிவை 1862-லேயே கவனித்துவிட்டார்கள். மற்றப் பெரிய பொழிவுகள் பலவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தாய் வால்மீன் கிடைத்துக்கொண்டே வந்தது, இதற்கோ நூறு ஆண்டுக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கிச் செயற்கைக்கோள் வானத்தை அலசிக்கொண்டிருந்தது. அதன் தரவுகளில் வேகமாக நகரும் பொருள்களைத் தேடிய சைமன் கிரீன், ஜான் டேவிஸ் இருவரும் அக்டோபர் 11 அன்று ஒன்றைப் பிடித்தார்கள். விண்கலம் ஒன்றின் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அதுதான், தற்காலிகப் பெயர் 1983 டிபி. அதன் பாதையைப் பார்த்ததும், இது ஜெமினிட்ஸ் துணுக்குகள் ஓடும் அதே பாதை என்று ஃபிரெட் விப்பிள் சொன்னார். வால்மீன் என்பது அழுக்குப் பனிக்கட்டி என்ற கருத்தை 1950-இல் முன்வைத்தவர் அதே விப்பிள்தான். பனியில்லாத ஒன்றைப் பொழிவின் தாய் என்று அவரே அடையாளம் காட்ட வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இப்போது பாதையைப் பாருங்கள். ஃபேத்தான் 1.43 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. தொலைவில் இருக்கும்போது செவ்வாயைத் தாண்டிக் குறுங்கோள் பட்டைக்குள் போய்விடும். அருகில் வரும்போது சூரியனிலிருந்து 2.1 கோடி கிலோமீட்டர்தான். புதன் கோளே 4.6 கோடிக்கு உள்ளே வராது, அதில் பாதிக்கும் குறைவு. அங்கே ஃபேத்தானின் மேற்பரப்பு 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது, அலுமினியம் உருகிவிடும் சூடு அது. கிரேக்கக் கதையில் சூரியனின் தேரை ஓட்டப்போய் அடக்க முடியாமல் எரிந்து விழுந்த மகனின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். பொருத்தமான பெயர்.

ஒளிமாலை எழுதியது:

நீள்வட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கரிக்கல் சொன்ன "செத்த வால்மீன்" எனக்கு ஏன் ஒட்டவில்லை என்றால், எரிகற்களே வேறு கதை சொல்கின்றன.

ஒரு துணுக்கு காற்றில் எந்த உயரத்தில் எரியத் தொடங்குகிறது, எப்படி வேகம் குறைகிறது, எங்கே உடைகிறது என்பதை அளந்தால் அதன் அடர்த்தியை ஓரளவு கணக்கிடலாம். லியோனிட்ஸ் துணுக்குகள் கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.4 கிராம். தண்ணீரை விட லேசு, ஊதினால் உதிரும் சாம்பல் உருண்டை மாதிரி. பெர்சீட்ஸ் 1.2 அளவில். ஜெமினிட்ஸ் 2.9 வரை போகிறது, அதாவது நல்ல கல். பிறகு நிறம். வால்மீன் கருக்கள் பொதுவாகக் கரியை விடக் கறுப்பு, கொஞ்சம் சிவப்பு சாய்ந்திருக்கும். ஃபேத்தான் அவற்றை விட வெளிச்சம், நிறமும் நீலம் சாய்ந்தது, அப்படிப்பட்டவை குறுங்கோள்களிலேயே குறைவு. பல்லாஸ் என்ற பெரிய குறுங்கோளின் குடும்பத்திலிருந்து இது பிரிந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதற்கும் இந்த நிறம்தான் காரணம்.

கரிக்கல் எழுதியது:

சூரியன் பக்கத்தில் போய்ப் போய் வெந்தால் எந்தத் தூசும் கெட்டியாகும், நிறமும் மாறும். அடர்த்தி அதிகம் என்பதை வைத்து மட்டும் வால்மீன் இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் இன்னொன்று, ஃபேத்தானுக்கு வால் இருப்பதை நேரிலேயே படம் எடுத்திருக்கிறார்கள். 2009-இல் நாசாவின் ஸ்டீரியோ விண்கலம் எடுத்தது, 2012-லும் 2016-லும் பார்த்தார்கள். வால் இருக்கிறது, தூசு வருகிறது. இன்னும் என்ன வேண்டும்?

நடுநிசி எழுதியது:

பொழிவு நடக்கும் இரவில் எத்தனை எரிகல் என்று எண்ணி வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். வால் இருப்பது உண்மை என்றால் விஷயம் முடிந்ததுதானே? எனக்கும் அந்த 2009 செய்தி நினைவிருக்கிறது, "பாறை வால்மீன்" என்று எழுதியிருந்தார்கள். சூட்டில் பாறை வெடித்துத் தூசு பறக்கிறது என்று விளக்கம்.

நீள்வட்டம் எழுதியது:

அந்த வாலைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எல்லோரும் வழுக்கி விழுந்த இடம் அது. நானும் பல ஆண்டு அப்படியே நம்பினேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வாலைத் தூசு என்று எடுத்துக்கொண்டபோது, ஒவ்வொரு முறை சூரியனை நெருங்கும்போதும் சுமார் 3 லட்சம் கிலோ தூசு வெளியேறுகிறது என்று மதிப்பிட்டார்கள். கேட்க நிறைய போலத் தெரியும். பாதை நெடுகப் பரவி ஓடும் ஜெமினிட்ஸ் துணுக்குகளின் கூட்டத்தை ஓடை என்பார்கள், அதன் வயது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டு வரை என்கிறார்கள். ஆயிரம் ஆண்டு என்று வைத்தால் ஃபேத்தான் சுமார் 700 முறை சுற்றியிருக்கும், மொத்தம் 21 கோடி கிலோ. ஓடையில் இருக்கும் தூசின் மொத்த எடையோ ஏறத்தாழ 10 லட்சம் கோடி கிலோ, அதை விட அதிகமாகச் சொல்பவர்களும் உண்டு. ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறது! வயதை இரண்டாயிரமாக்கினாலும் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

அது மட்டுமில்லை. அந்த வால் தூசு என்றால் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மிக நுண்ணிய தூசாகத்தான் இருக்க முடியும். அவ்வளவு நுண்ணிய துகளைச் சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளிக்கொண்டு போய்விடும், ஃபேத்தானின் பாதையில் தங்காது. நாம் டிசம்பரில் பார்க்கும் கோடுகளோ மணல், சிறு கூழாங்கல் அளவுத் துணுக்குகள் எரிவதால் வருபவை. ஆக, அந்த வாலிலிருந்து ஜெமினிட்ஸ் வரவே வழியில்லை.

ஒளிமாலை எழுதியது:

இதை நானே எழுதலாம் என்று இருந்தேன், பாதியை நீள்வட்டம் எழுதிவிட்டார், மீதி இன்னும் அழகானது.

அந்த வால் தூசே இல்லை. 2023-இல் வந்த ஆய்வு இது. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் சோஹோ விண்கலத்தில் வேறு வேறு நிற வடிகட்டிகள் உண்டு. ஆரஞ்சு வடிகட்டி சோடியம் உமிழும் ஒளியை உள்ளே விடும், நீல வடிகட்டி விடாது. தூசு சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் அந்த வால் தெரிகிறது என்றால் நீலத்திலும் தெரிய வேண்டும். 2022 மே மாதம் ஃபேத்தான் சூரியனை நெருங்கியபோது எடுத்த படங்களில் வால் ஆரஞ்சில் பளிச்சென்று இருக்கிறது, நீலத்தில் காணவில்லை. பழைய தெருவிளக்குகளின் மஞ்சள் ஒளி நினைவிருக்கிறதா, அதே 589 நானோமீட்டர் ஒளிதான். பழைய சோஹோ படங்களைத் தோண்டியபோது 1997 முதலே வால் பல முறை தெரிந்திருப்பது தெரியவந்தது, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதாவது 700 டிகிரிச் சூட்டில் கல்லிலிருந்து சோடியம் ஆவியாகிப் பறக்கிறது. இது ஜெமினிட்ஸ் எரிகற்களோடும் பொருந்துகிறது. அவற்றின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படத்தை, எடுத்தவர்கள் சோடியம் குறைவாக இருப்பதைப் பல ஆண்டுகளாகவே சொல்லிவந்தார்கள், ஒரே நிறமாலையில் மெக்னீசியக் கோடும் இரும்புக் கோடும் நன்றாக இருக்கும், சோடியக் கோடு மட்டும் மெலிந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. சூரியனை அவ்வளவு நெருங்கிப் போய்வரும் துணுக்குகள் தம் சோடியத்தை வழியிலேயே இழந்துவிடுகின்றன.

கரிக்கல் எழுதியது:

சரி, சோடியம் விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன், வாலை ஆதாரமாகச் சொன்னது தவறு. ஆனால் இப்போது முதல் கேள்விக்கே திரும்பிவிட்டோமே. இன்று வருவது வெறும் ஆவி. அந்த 10 லட்சம் கோடி கிலோ எப்போது, எப்படி வந்தது? அது பனி இருந்த காலத்தில் வந்தது என்று நான் சொன்னால் எதை வைத்து மறுப்பீர்கள்?

நீள்வட்டம் எழுதியது:

முழுதாக மறுக்க மாட்டேன். ஆனால் காலத்தை யோசியுங்கள். ஓடையின் வயது அதிகபட்சம் இரண்டாயிரம் சொச்சம் ஆண்டு. அப்போதும் ஃபேத்தான் சூரியனுக்கு இவ்வளவு அருகில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்பே வெகுகாலமாக வெந்துகொண்டிருந்த ஒரு கல்லில், பெரும் ஓடையையே உண்டாக்கும் அளவு பனி திடீரென்று எங்கிருந்து வரும்? மிக ஆழத்தில் மிச்சம் இருந்தது, ஏதோ ஒன்று அதைத் திறந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்போதும் அந்த "ஏதோ ஒன்று" என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

நான் சாய்வது ஒரே அடியில் நடந்த நிகழ்வுப் பக்கம். இதற்குப் பலமான சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பார்க்கர் சூரிய ஆய்வுக் கலம் 2018 நவம்பரில் சூரியனை முதல்முறை நெருங்கியபோது, அதன் கேமரா ஃபேத்தானின் பாதையை ஒட்டி மெல்லிய ஒளிப்பட்டை ஒன்றைப் பிடித்தது. ஜெமினிட்ஸ் ஓடையையே முதல்முறையாகப் படமாகப் பார்த்தோம், சுமார் 1 லட்சம் கிலோமீட்டர் அகலம். பூமியிலிருந்து நாம் பார்ப்பது ஓடையின் ஒரு குறுக்குவெட்டைத்தான், ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கடக்கிறோம், அவ்வளவே. பார்க்கர் ஓடையின் உள்பக்கத்தைப் பார்க்கிறது. 2023-இல் இதை வைத்து மூன்று விதமாகக் கணித்துப் பார்த்தார்கள்: துணுக்குகள் மெதுவாக உதிர்ந்திருந்தால், வால்மீன் போலச் சூரியன் அருகே சீறியிருந்தால், ஒரே நேரத்தில் வன்முறையாகச் சிதறியிருந்தால். பார்க்கர் கண்ட ஓடையோடு நன்றாகப் பொருந்தியது மூன்றாவது.

நடுநிசி எழுதியது:

வன்முறை என்றால் மோதலா?

நீள்வட்டம் எழுதியது:

மோதலாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறு குறுங்கோள் மீது மோதியபோது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வால் முளைத்ததைப் பார்த்தோமே, சுமார் 580 கிலோ எடையுள்ள கலத்துக்கே அப்படி. ஆனால் எனக்கு அதிகம் பிடித்த வழி சுழற்சி.

ஃபேத்தான் 3.6 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. குறுக்களவு 5 முதல் 6 கிலோமீட்டர் உள்ள ஒன்றுக்கு அது வேகம். குவிந்த கற்குவியல் போன்ற குறுங்கோள்கள் சுமார் 2.2 மணியை விட வேகமாகச் சுற்றினால் ஈர்ப்பு பிடித்துவைக்க முடியாமல் பிய்ந்துபோகும். ஃபேத்தான் இன்று அந்த எல்லையில் இல்லை. ஆனால் 1989 முதல் சேர்த்த அளவீடுகளை ஒப்பிட்டபோது அதன் சுழற்சி நேரம் ஆண்டுக்கு சுமார் 4 மில்லிவினாடி குறைந்துவருவது 2022-இல் தெரியவந்தது. சூரிய ஒளியைச் சீரில்லாமல் உமிழ்ந்து உமிழ்ந்து அந்தத் தள்ளலிலேயே வேகம் கூடுகிறது. வேகம் கூடும், விளிம்பு உடையும், கொஞ்சம் கல் பறக்கும், வடிவம் மாறும், மறுபடி வேகம் குறையும், மறுபடி கூடும். 2005 யூடி என்று இன்னொரு சிறு குறுங்கோள் இதேபோன்ற பாதையில், இதே நீல நிறத்தில் திரிகிறது. இரண்டும் ஒரே உடலின் துண்டுகளாக இருக்கலாம், ஆனால் அந்தப் பிரிவு ஜெமினிட்ஸ் பிறந்ததற்கு வெகுகாலம் முன்பு. ஆக, இந்தக் குடும்பத்துக்கு உடைவது புதிதில்லை போலும்.

ஒளிமாலை எழுதியது:

சுழற்சி தனியாக வேலை செய்திருக்கத் தேவையில்லை. ஸ்பிட்சர் தொலைநோக்கி எடுத்த பழைய நிறமாலையை மறுபடி ஆராய்ந்து, ஃபேத்தானின் பொருள் அண்டார்டிகாவில் கிடைத்த ஓர் அரிய விண்கல் வகையை ஒத்திருக்கிறது என்று 2023 இறுதியில் சொன்னார்கள். அந்த வகைக் கல்லில் கார்பனேட், நீர் பிணைந்த கனிமங்கள், இரும்பு சல்ஃபைடு எல்லாம் ஒரு காலத்தில் இருந்து, சூட்டில் சிதைந்த தடயம் உண்டு. கார்பனேட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும், சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வைத்தால் நடப்பது அதுதான். புதுவானம் கேட்டாரே, பனி இல்லாமல் எது தள்ளும் என்று? இதோ, கல்லுக்குள்ளேயே வாயு இருக்கிறது. ஏற்கெனவே வேகமாகச் சுழன்று பிடி தளர்ந்திருக்கும் கல்லில் உள்ளேயிருந்து வாயுவும் தள்ளினால் போதுமே.

கரிக்கல் எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வால்மீனா குறுங்கோளா என்று நான் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றது தேவையில்லாதது. பென்னு என்ற குறுங்கோள் நினைவுக்கு வருகிறது, 2019 ஜனவரியில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது அதுவும் சிறு கற்களை உமிழ்ந்துகொண்டிருந்தது, அங்கே யாரும் அதை எதிர்பார்க்கவே இல்லை.

புதுவானம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன். இரண்டு சின்னக் கேள்விகள். ஃபேத்தான் பூமிக்கு ஆபத்தா, "ஆபத்து வாய்ப்புள்ள குறுங்கோள்" என்று பட்டியலில் இருக்கிறதே? குறுங்கோளிலிருந்து வரும் பொழிவு இது ஒன்றுதானா?

நீள்வட்டம் எழுதியது:

அந்தப் பட்டியல் பாதையின் நெருக்கத்தையும் அளவையும் வைத்துப் போடுவது, மோதப்போகிறது என்று அர்த்தமில்லை. 2017 டிசம்பர் 16 அன்று 1.03 கோடி கிலோமீட்டரில் கடந்தது, அரெசிபோ ரேடாரில் நன்றாகப் பார்த்தார்கள். 2093-இல் சுமார் 30 லட்சம் கிலோமீட்டருக்கு வரும். அதுவே நிலவின் தொலைவைப் போல ஏழு மடங்குக்கு மேல்.

இரண்டாவது கேள்விக்கு: ஜனவரி 3, 4 தேதிகளில் உச்சம் தொடும் குவாட்ரான்டிட்ஸ். அதன் தாய் 2003 இஎச்1 என்ற குறுங்கோள், அதைப் பொருத்திக் காட்டியவர் வானியலாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ். அதை உறங்கிப்போன வால்மீன் என்று சொன்னால் நான் சண்டை போட மாட்டேன், கரிக்கல் அங்கே ஜெயிக்கலாம். ஃபேத்தான் அருகே நேரில் போய்ப் பார்க்க ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா டெஸ்டினி பிளஸ் என்ற கலத்தைத் தயாரிக்கிறது, தூசை அங்கேயே பிடித்து அதன் வேதியியலை அளக்கும் கருவியோடு. ஏவும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்பதுதான் வருத்தம்.

நடுநிசி எழுதியது:

பார்க்கப்போகிறவர்களுக்கு என் பங்கு. டிசம்பர் 13 இரவும் 14 விடியலும்தான் உச்சம். புனர்பூச நட்சத்திரங்கள் தெரிகின்றனவே, காஸ்டர், போலக்ஸ் என்ற அந்த இரட்டை, அதில் காஸ்டர் பக்கத்திலிருந்து கோடுகள் பிரிவதுபோல் இருக்கும். ஆனால் அந்த இடத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள், அங்கே கோடுகள் குட்டையாகத்தான் தெரியும். அண்ணாந்து படுத்து வானம் முழுவதையும் பாருங்கள். இரவு இரண்டு மணி அளவில் அந்த இடம் உச்சிக்கு வரும். கண் இருட்டுக்குப் பழக அரை மணியாவது கொடுங்கள், இடையில் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. மணிக்கு 150 என்று செய்திகளில் வருவது மாசில்லா இருண்ட வானத்துக்கான கணக்கு, குறைவாக வந்தால் மனம் விடவேண்டாம். வேகம் வினாடிக்கு 35 கிலோமீட்டர்தான், பெர்சீட்ஸ் 59. அதனால் நிதானமாக ஓடும், கண்ணால் தொடர்ந்து பார்க்க முடியும்.

இன்னொன்று, இதை நான் பல டிசம்பரில் எண்ணிப் பார்த்தே உணர்ந்தது. சிறு துணுக்குகள் உச்சத்துக்கு முன்னரே வந்துவிடுகின்றன, பெரியவை கடைசியில். எண்ணிக்கை குறைந்த பிறகும் எழுந்து போய்விடாதீர்கள்.

புதுவானம் எழுதியது:

பார்த்துவிட்டேன்! இரவு ஒன்றிலிருந்து மூன்று வரை 74 எண்ணினேன், தாளில் கோடு போட்டு. பெரும்பாலும் வெள்ளை, சில மஞ்சள். மூன்றுக்குப் பிறகு வரவு குறைந்தது, குளிர் தாங்காமல் எழுந்திருப்பேன், நடுநிசி சொன்னதை நினைத்துப் படுத்தே இருந்தேன். மூன்றரைக்கு ஒன்று வந்தது, மெதுவாக, வானத்தில் பாதியைக் கடந்து, கடைசியில் இரண்டாக உடைந்து அணைந்தது. அது போன பிறகும் ஒரு நொடி கோடு நின்றது. அது பனி உருகி விழுந்த தூசு இல்லை, சூரியனை ஆயிரம் முறைக்கு மேல் நெருங்கி வந்த கல் என்று தெரிந்திருந்ததால் அந்த ஒரு நொடி முழுக்க எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.